மூச்சிளைப்பு நோயுள்ள முதியவரின் உடல் கரையாமல் உணவளிப்பது எப்படி?

நாட்பட்ட நுரையீரல் நோயோடு வாழும் முதியவர்களைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் எந்த ஊரிலும் காணலாம். பல்லாண்டுகள் பீடி புகைத்தவர், வாழ்நாள் முழுவதும் விறகடுப்பின் முன் அமர்ந்து சமைத்தவர், கல் குவாரியிலும் கிரானைட் பட்டறையிலும் தூசியைச் சுவாசித்தவர், காசநோய் குணமாகியும் நுரையீரலில் தழும்பு தங்கிவிட்டவர் என நோய்க்கான காரணம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்களுள் பலரிடம் ஒரே மாற்றம் தென்படுகிறது: தோள் எலும்பு துருத்துகிறது, தொடை சூம்புகிறது, கட்டிய வேட்டி இடுப்பில் நிற்பதில்லை. வீட்டார் இதை வயதாகிவிட்டதன் விளைவு என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். வயதுக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும், செலவாகும் ஆற்றலுக்கு ஈடான உணவு உள்ளே போகாமையே பெருங்காரணம். அந்தப் பற்றாக்குறையைச் சமையலறையிலேயே பெருமளவு சரிசெய்ய இயலும். மருத்துவர் தரும் மருந்துகளையும் இன்ஹேலரையும் தவறாமல் எடுத்துக்கொள்ளும் ஒருவருக்கு, அவற்றோடு சேர்த்து எப்படி உணவளிப்பது என்பதையே இங்கே விளக்குகிறோம்.

உடல் ஏன் கரைகிறது

நலமாக உள்ள ஒருவர் அமைதியாக அமர்ந்திருக்கையில் மூச்சு விடுவதற்கு மிகக் குறைந்த ஆற்றலே செலவாகிறது. சிஓபிடி எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் மூச்சுக்குழல்கள் சுருங்குவதால், உள்ளிழுத்த காற்று முழுவதும் வெளியேறாமல் தேங்கி, நுரையீரல் உப்பி, அதன் அடியிலுள்ள உதரவிதானத்தைக் கீழே தள்ளித் தட்டையாக்கிவிடுகிறது. தட்டையான தசையால் திறம்பட இழுக்க முடியாது. ஆகவே கழுத்துத் தசைகளும் விலாவிடைத் தசைகளும் இரவும் பகலும் கூடுதலாக உழைக்கின்றன. இந்நோயாளிகள் பலருக்கு ஓய்வில் இருக்கும்போதே இயல்பைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை கூடுதல் ஆற்றல் செலவாகிறது. நோயினால் உடலெங்கும் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி தசைப் புரதத்தைச் சிதைக்கிறது, பசியையும் மட்டுப்படுத்துகிறது. போதாக்குறைக்கு, சாப்பிடுவதே மூச்சு வாங்கும் வேலையாகிவிடுவதால் நோயாளி பாதித் தட்டிலேயே கையைக் கழுவிவிடுகிறார்.

செலவு கூடி வரவு குறையும்போது உடல் தன் தசையையே கரைத்துச் சமாளிக்கிறது. வட்டி கட்டுவதற்காக நிலத்தைத் துண்டு துண்டாக விற்கும் குடும்பத்தின் நிலைதான் இது. தொடைத் தசை மெலிவதால் நடை தளர்கிறது. மூச்சுத் தசையே மெலியத் தொடங்கும்போது இளைப்பு மேலும் கூடி, உணவு மேலும் குறைகிறது.

முதலில் அளந்து பாருங்கள்

கண்ணால் பார்த்து மதிப்பிடுவது நம்பத்தக்கதன்று, ஏனெனில் நாள்தோறும் பார்க்கும் முகத்தின் மெலிவு வீட்டாருக்குத் தெரிவதில்லை. வாரம் ஒருமுறை, அதே எடைக்கருவியில், காலைக்கடன் முடித்து உணவுக்கு முன்னதாக எடை பார்த்து, நாட்காட்டியிலேயே குறித்து வையுங்கள். 6 மாதங்களில் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல், அதாவது 50 கிலோ இருந்தவர் இரண்டரைக் கிலோவுக்கு மேல், எந்த முயற்சியுமின்றிக் குறைந்திருந்தால் அதை நோயின் ஓர் அறிகுறியாகவே கொள்ள வேண்டும்.

எடையை உயரத்தோடு ஒப்பிடும் பிஎம்ஐ என்ற அளவு, பொதுவாக 18.5க்குக் கீழ் இருந்தால்தான் எடைக்குறைவு என்பார்கள். சிஓபிடி உள்ளவர்களுக்கு அந்த அளவுகோல் போதாது. இவர்களுக்கு 21 அல்லது அதற்குக் கீழ் இருப்பதே நல்லதன்று என்பதால், நோயின் கடுமையைக் கணிக்கும் அட்டவணையிலும் அந்த எண்ணே வைக்கப்பட்டுள்ளது. 150 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு ஏறத்தாழ 47 கிலோவும், 160 சென்டிமீட்டர் உள்ளவருக்கு ஏறத்தாழ 54 கிலோவும் அந்த எல்லைக்கோடாகும். இதன்படி, ‘ஒல்லியான தேகம்தான், ஆனால் நன்றாக இருக்கிறார்’ என்று சொல்லப்படும் பலர் ஏற்கெனவே கோட்டுக்குக் கீழே இருப்பார்கள்.

எடைக்கருவி இல்லாத வீட்டில் தையல் நாடா உதவும். உட்கார்ந்த நிலையில் கெண்டைக்காலின் பருத்த பகுதியைச் சுற்றி அளக்கையில் 31 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் தசை இழப்பு இருக்கக்கூடும். ஆனால் ஓர் எச்சரிக்கை: நுரையீரல் நோய் முற்றி இதயத்தின் வலப்பக்கம் தளரும்போது காலில் நீர் கோத்துக்கொள்ளும். அப்போது தசை கரைந்துகொண்டிருந்தாலும் எடை குறையாது, ஏறவும் செய்யும். கணுக்காலை விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்த பிறகே எடையை நம்ப வேண்டும்.

எவ்வளவு தேவை

மெலிந்த நோயாளிக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 30 முதல் 35 கலோரி ஆற்றலும், 1.2 முதல் 1.5 கிராம் புரதமும் தேவைப்படுகின்றன. 45 கிலோ எடையுள்ளவருக்கு இது 1,350 முதல் 1,575 கலோரியும், 54 முதல் 67 கிராம் புரதமும் ஆகும். கலோரிக் கணக்கு எப்படியேனும் அருகில் வந்துவிடும். புரதம்தான் நம் வீடுகளில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. இரு வேளையும் களியும் கீரையும் உண்பவர் நாளொன்றுக்கு 200 கிராம் கேழ்வரகு மாவு உட்கொண்டாலும் அதில் கிடைப்பது 14 கிராம் புரதமே.

களியை நிறுத்த வேண்டாம், மாற்றி அமையுங்கள்

இந்த மண்ணின் உணவு கேழ்வரகு. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 320 கலோரியும், 7 கிராம் புரதமும், 350 மில்லிகிராம் அளவில் சுண்ணாம்புச் சத்தும் உள்ளன. அதே எடையுள்ள பாலில் இருப்பதுபோல் இது இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட சுண்ணாம்புச் சத்தாகும். இளைப்புக்காக அவ்வப்போது ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவர்களின் எலும்பு வலுவிழப்பதால், அவர்களுக்குக் கேழ்வரகு பொருத்தமான தானியமே. 2023ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் அரிசிக்கு மாற்றாகக் குடும்ப அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு வழங்கும் ஏற்பாடும் தொடங்கப்பட்டது. ஆகவே நகரத்து ஓட்ஸ் பொட்டலத்தைத் தேடிப் போக வேண்டிய தேவை எதுவும் இல்லை.

சிக்கல் தானியத்தில் இல்லை. உண்ணும் முறையில் இருக்கிறது. முதலாவது, களி நிறையத் தண்ணீரை ஏற்றுப் பருப்பதால் ஒரு பெரிய உருண்டை வயிற்றை அடைத்துவிடுகிறது. நிறைந்த வயிறு, ஏற்கெனவே தட்டையாகியிருக்கும் உதரவிதானத்தைக் கீழிருந்து நெருக்குவதால், உண்டபின் இளைப்பு அதிகரிக்கிறது. ஒரு வேளைக்கு முழு உருண்டைக்கு மாறாகப் பாதி உருண்டை போதும். மீதியை இரண்டு மணி நேரம் கழித்தோ, அடுத்த வேளையிலோ கொடுக்கலாம்.

இரண்டாவது, களியை நாம் மெல்லுவதில்லை. குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குவதுதான் பழக்கம். விழுங்கும் கணத்தில் மூச்சு ஒரு நொடி நின்று, பிறகு வெளிவிடும் மூச்சோடு தொடர வேண்டும். வேகமாக மூச்சு வாங்கும் நோயாளிகள் பலரிடம் இந்த ஒழுங்கு குலைந்து, விழுங்கிய உடனே மூச்சை உள்ளிழுப்பதால் உணவுத் துணுக்கு மூச்சுக்குழலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. சாப்பிடும்போது இருமல், புரை ஏறுதல், உண்டபின் குரல் கரகரத்தல் ஆகியவை இதற்கான அறிகுறிகள். இத்தகையவருக்குக் களியைத் தளர்வாகக் கிண்டி, சுண்டைக்காய் அளவில் கிள்ளி, குழம்பை நீர்த்துவிடாமல் கெட்டியாக வைத்துக் கொடுக்க வேண்டும். அப்படியும் புரை ஏறினால் களியைத் தவிர்த்துக் கூழாகவோ கஞ்சியாகவோ மாற்றிக்கொண்டு, மருத்துவரிடம் விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, உடன் வரும் குழம்பு. கீரைக் கடைசலோ புளிச்சாறோ மட்டும் இருந்தால் புரதம் கிடைக்காது. கீரையோடு துவரம்பருப்பைச் சேர்த்துக் கடைந்து கடலை எண்ணெய் ஒரு கரண்டி ஊற்றுவது, கொள்ளைக் கடைந்து ஊற்றுவது, மொச்சைக்கொட்டைக் குழம்பு, முட்டைக் குழம்பு, வாரம் ஓரிரு நாள் கோழி அல்லது முள் நீக்கிய மீன் என்று மாற்றி மாற்றி வைத்தால் அதே களி முழு உணவாகிவிடும். கொள்ளு, மொச்சை போன்றவை 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் தருபவை. இரவு முழுவதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, குழைய வேகவைத்தால் வாயுத் தொல்லை குறையும். வாயு இவர்களுக்குச் சிறு தொல்லையன்று. உப்பிய வயிறும் மூச்சை நெருக்கும். அதே காரணத்தால் சோடாவும் குளிர்பானங்களும் வேண்டாம்.

முளைகட்டிய கேழ்வரகின் பயனைத் தனியாகச் சொல்ல வேண்டும். தானியம் முளைக்கும்போது உண்டாகும் அமிலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தைச் சிறு துண்டுகளாக உடைப்பதால், கஞ்சி கெட்டிப்படுவதில்லை. அதனால் ஒரே தம்ளரில் இரட்டிப்பு மாவைக் கரைத்தும் எளிதாகக் குடிக்க முடியும். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை விட்டதும் நிழலில் உலர்த்தி, லேசாக மட்டும் வறுத்து அரைத்துக்கொள்ளுங்கள். கருக வறுத்தால் நொதி அழிந்துவிடும். சாதாரண மாவில் கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சியை இறக்கி, சூடு சற்றுத் தணிந்ததும் இந்த மாவில் ஒரு கரண்டி கலந்து கிளறினால் சில நிமிடங்களில் இளகும். பிறகு மீண்டும் ஒரு கொதி விட்டே கொடுக்க வேண்டும். பசியற்ற முதியவருக்கு வயிற்றை அடைக்காமல் ஆற்றலைக் கூட்ட இதைவிட மலிவான வழி இருப்பதாகத் தோன்றவில்லை.

ஒரு நாளின் உணவு, எடுத்துக்காட்டாக, இப்படி அமையலாம். காலையில் 40 கிராம் முளைகட்டிய மாவை 150 மில்லி பாலில் வெல்லம் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சியும் ஒரு வேகவைத்த முட்டையும். முற்பகலில் ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வேர்க்கடலை, பல் இல்லாதவருக்குச் சட்னியாகவோ பொடியாகவோ. நண்பகலில் 60 கிராம் மாவில் கிண்டிய களியும் 40 கிராம் கொள்ளுக் கடைசலும் இரண்டு தேக்கரண்டி எண்ணெயும். மாலையில் ஒரு வாழைப்பழமும் ஒரு கிண்ணம் தயிரும். இரவில் 60 கிராம் சாமை அல்லது அரிசிச் சோறு, பருப்பு, இன்னொரு முட்டை. படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு தம்ளர் பால். கூட்டிப் பார்த்தால் 60 கிராமை ஒட்டிய புரதமும் 1,600 கலோரியை ஒட்டிய ஆற்றலும் வரும். முட்டை உண்ணாதவர்களுக்குப் பருப்பையும் தயிரையும் கூட்டிக்கொள்ளலாம். மாம்பழக் காலத்தில் பழக்கூழைப் பாலோடு அடித்துக் கொடுப்பதும் நல்லதே, சர்க்கரை நோய் இல்லாத வரையில்.

சளி பிடிக்கும் என்ற அச்சம்

பால், தயிர், வாழைப்பழம் ஆகியவை சளியைக் கூட்டும் என்று விலக்கிவைக்கும் வழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பால் சளிச் சுரப்பை அதிகரிப்பதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் கெட்டியாகப் படிவதுபோல் உணர்த்துவதுதான் அந்த ஐயத்துக்கு இடம் தருகிறது. பால் குடித்தபின் இரண்டு வாய் வெந்நீர் குடித்தால் அந்த உணர்வு நீங்கும். தயிர் ஒத்துக்கொள்ளாது என்று உறுதியாக நம்பும் தாத்தாவோடு வாதிட்டுப் பயனில்லை. குளிர்ச்சி இல்லாத தயிரைப் பகல் வேளையில் கொடுத்துப் பாருங்கள், வேண்டாமென்றால் பருப்பைக் கூட்டுங்கள். ஆனால் இம்மூன்றையும் முட்டையோடு சேர்த்து ஒட்டுமொத்தமாக நிறுத்திவிட்டு, மெலிவதைப் பார்த்து வருந்துவது பொருளற்றது.

உண்ணும் வேளையும் விதமும்

சமைப்பவரே நோயாளியாக இருக்கும் வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். பீடியைத் தொட்டே அறியாத அம்மாவுக்கும் அத்தைக்கும் அடுப்புப் புகையாலேயே இந்நோய் வருகிறது. அவர் சமைத்து, எல்லாருக்கும் பரிமாறி, கடைசியில் தட்டின் முன் அமரும்போது மூச்சும் இருப்பதில்லை, குழம்பில் காயும் இருப்பதில்லை. அத்தகைய வீட்டில் சத்துணவுப் பட்டியலைவிட முதலில் செய்ய வேண்டியது, சமையலை வேறொருவர் ஏற்பதும் அவரை முதற்பந்தியில் அமரவைப்பதும்தான். விறகடுப்பை விட்டு எரிவாயுவுக்கு மாறுவது அதற்கும் முந்தியது.

உணவுக்கு அரை மணி நேரம் முன்பிருந்து ஓய்வு தேவை. குளியலும் உடை மாற்றுதலும் மூச்சு வாங்கவைப்பவை என்பதால் அவற்றை ஒட்டி உணவு வைக்க வேண்டாம். மருத்துவர் சொல்லியிருந்தால், மூச்சுக்குழலை விரிக்கும் இன்ஹேலரையும் சளி வெளியேற்றும் பயிற்சியையும் உணவுக்கு முன்பே முடித்துக்கொள்ளலாம். தரையில் சம்மணமிட்டுக் குனிந்து உண்பது வயிற்றை மடக்கும். நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, மேசையில் முழங்கையை ஊன்றினால் தோள் தசைகளுக்கு ஆதரவு கிடைக்கும். சிறு கவளமாக எடுத்து, விழுங்கியபின் உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை வெளிவிட்டு, பிறகு அடுத்த கவளம் எடுக்க வேண்டும். பேச்சையும் தொலைக்காட்சியையும் தள்ளிவையுங்கள். காலையில் பசி கூடுதலாக இருப்பவர்க்கு முக்கிய உணவைக் காலையிலேயே கொடுத்துவிடலாம்.

வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துபவர் உண்ணும்போது மூக்குக்குழலைக் கழற்றிவிடுவது வழக்கமாக இருக்கிறது. உண்ணும்போதுதான் ஆக்சிஜன் அளவு இறங்கக்கூடும் என்பதால் கழற்றாமலே உண்ண வேண்டும். ஆனால் அடுப்பு, விளக்கு, பீடி எதன் அருகிலும் அந்தக் கருவி இருக்கக் கூடாது.

தண்ணீரை உணவோடு குடித்து வயிற்றை நிரப்பாமல், வேளைகளுக்கு இடையில் குடிக்க வேண்டும். சளி இளகவும் மலச்சிக்கல் வராமலிருக்கவும் அது உதவும். கால் வீக்கத்துக்காக மருத்துவர் நீரளவைக் கட்டுப்படுத்தியிருந்தால் அந்த அளவே செல்லும். அவர்களுக்கு ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பும் ஆகாது. தருமபுரிப் பகுதியின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் புளோரைடு மிகுந்திருப்பதால், எலும்பு ஏற்கெனவே நலிந்த இவர்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே கொடுப்பது நல்லது. கொதிக்கவைத்தால் புளோரைடு நீங்காது.

மருந்தும் உணவும்

ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலரை இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பாவிட்டால், வெள்ளைப் படலமாகப் பூஞ்சை படிந்து சுவை கெட்டுவிடும். ‘எதுவும் வாய்க்குப் பிடிக்கவில்லை’ என்பவரின் நாக்கை ஒருமுறை டார்ச் ஒளியில் பாருங்கள். மூச்சுக்குழலை விரிக்கும் தியோபிலின் என்ற மருந்து சேர்ந்த மாத்திரைகள் சிலருக்குக் குமட்டலைத் தரும்; காபியில் உள்ள கஃபீனும் அதே வகைப் பொருள் என்பதால் இரண்டும் சேரும்போது படபடப்பும் தூக்கமின்மையும் கூடலாம். மாத்திரை தொடங்கியபின் பசி போனால் தாமே நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சோர்ந்துபோனவருக்குக் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிவிட்டால் தெம்பு வரும் என்ற நம்பிக்கையால் பணமும் நேரமும் வீணாகின்றன. 5 விழுக்காடு கரைசல் 500 மில்லியில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அதன் ஆற்றல் 100 கலோரிக்கும் குறைவு, புரதம் துளியும் இல்லை. ஒரு வாழைப்பழம் அந்த வேலையைச் செய்துவிடும். நீரிழப்பு போன்ற காரணம் இருந்தால் மருத்துவரே ஏற்றச் சொல்வார். மருந்துக்கடையில் விற்கும் புரத மாவுகள் தீங்கானவை அல்ல என்றாலும், முட்டையும் பருப்பும் உள்ளே போகாத நிலையில் மட்டுமே அந்த விலைக்கு அவை தகும்.

இத்தனையும் தசையாக மாற வேண்டுமென்றால் தசைக்கு வேலை தர வேண்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து அமர்வதை, இயன்ற அளவில், இடையிடையே ஓய்வெடுத்து நாளும் செய்வது நல்ல தொடக்கம்; அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கையால் தூக்கி இறக்குவது அடுத்தது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தரும் ஏற்பாடு உள்ளது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

நோய் கிளறும் நாட்களும் விலக்குகளும்

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மார்கழிக் குளிரில் சளியும் காய்ச்சலும் சேர்ந்து இளைப்பு கிளறும்போது, தேவை உச்சத்திலும் உணவு அடிமட்டத்திலும் இருக்கும். ஒவ்வொரு முறையும் இழந்த எடை முழுமையாகத் திரும்பாமல், படிப்படியாக இறங்குவதே பெரும்பாலோரின் வரலாறு. அந்நாட்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அரைத் தம்ளர் பால் கஞ்சி, பருப்புத் தண்ணீருக்கு மாறாகக் கடைந்த பருப்பு, முட்டை கலந்த குழைசோறு என்று கொடுத்து வாருங்கள். காய்ச்சல் விட்டபின்னும் சில வாரங்கள் கூடுதல் உணவு தொடர வேண்டும். பல நாட்கள் ஏறக்குறையப் பட்டினியாகவே இருந்த மிக மெலிந்தவருக்கு மட்டும் ஒரேயடியாக நிறையக் கொடுக்கக் கூடாது. இரத்தத்தில் பாஸ்பரஸ் சரிந்து மூச்சுத் தசையே தளரக்கூடும் என்பதால், அவருக்கு மருத்துவமனைக் கண்காணிப்பில் சிறிது சிறிதாக உணவைக் கூட்டுவதே முறை.

சர்க்கரை நோய் உள்ளவருக்கு வெல்லத்தையும் கஞ்சியையும் குறைத்துப் பருப்பு, முட்டை, கடலையைக் கூட்ட வேண்டும். ஸ்டீராய்டு உட்கொள்ளும் நாட்களில் சர்க்கரை ஏறும் என்பதால் அடிக்கடி சோதிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவருக்குப் புரத அளவை மருத்துவரே முடிவு செய்வார். பருத்த உடலுள்ளவர் பட்டினி கிடந்து எடை குறைத்தால் கொழுப்போடு தசையும் போய்விடும்; அவருக்குப் பயிற்சியோடு கூடிய மெதுவான குறைப்பே ஏற்றது.

இவ்வளவு செய்தும் எடை தொடர்ந்து இறங்கினாலோ, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, சளியில் இரத்தம் ஆகியவற்றுள் ஏதேனும் தென்பட்டாலோ, அதைப் பழைய இளைப்பின் மீது போட்டுவிடாமல் காசநோய்க்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் சோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சளிப் பரிசோதனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. எச்சிலைத் துப்பிக் கொடுக்காமல், காலையில் எழுந்தவுடன் ஆழ்ந்து இருமி வரும் கெட்டிச் சளியைக் கொடுத்தால்தான் முடிவு சரியாக அமையும். காசநோய் உறுதியானால் சிகிச்சைக் காலம் முழுவதும் ஊட்டச்சத்துக்கென மத்திய அரசு வழங்கும் உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. அதற்கு நோயாளியின் வங்கிக் கணக்கு விவரத்தைச் சிகிச்சை தொடங்கும்போதே பதிவு செய்துவிட வேண்டும்.